அம்மா வெளியே போகட்டும்

"சில நாள் அவன்மேல் வெறுப்பாக இருக்கிறது, டாக்டர்." சொல்லிவிட்டு அந்தத் தாய் கதவைத் திரும்பிப் பார்த்தார். மகன் வெளியே உட்கார்ந்திருந்தான். மனநல மருத்துவராக இதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் இதே தாழ்ந்த குரலில்.

மகனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையால் காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் மதியம்வரை படுத்தே கிடக்கிறான், குளிப்பதில்லை, எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில். சோம்பேறித்தனம் என்பது தாயின் கணக்கு. ஊக்கம் வற்றிப்போவதும் அந்த நோயின் அறிகுறிதான். குரல்களை அடக்கும் அளவுக்கு மாத்திரைகள் இதை அசைப்பதில்லை. இது தெரிந்ததும் கோபம் போய்விடாது. யார்மேல் என்பது கொஞ்சம் மாறும்.

அந்தக் கோபத்தைப் பேசவிட்டால் சற்று நேரத்தில் அழுகை வரும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மகனைத் தேடுகிறார். அவனோ கண்ணெதிரேதான் இருக்கிறான். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்க ஆள் வரும். இந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள்?

1976இல் வான், லெஃப் என்ற இருவர் லண்டனில் செய்த ஆய்வைக் குடும்பங்களிடம் அடிக்கடி சொல்வேன். ஓயாமல் குறை சொல்லும் வீடுகளிலும், அளவுக்கு மீறி நோயாளியைப் பொத்திப் பொத்திக் காக்கும் வீடுகளிலும் நோய் திரும்புவது அதிகமாக இருந்தது. உடனே "அப்படியானால் என்னால்தானா?" என்பார்கள். இல்லை. தாயின் வளர்ப்பே இந்த நோயைத் தருகிறது என்று என் துறையே ஒரு காலத்தில் பேசியது, பிறகு கைவிட்டது. மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. அத்தகைய வீடுகளிலும்கூட, வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கும் குறைவாகக் குடும்பத்தாரோடு நேருக்கு நேர் இருந்த நோயாளிகளிடையே நோய் திரும்புவது குறைவாக இருந்தது. தற்கொலைப் பேச்சு இருக்கும் நாட்களில் தனியே விடக்கூடாது, உடனே மருத்துவரிடம் அழைத்து வர வேண்டும். மற்ற நாட்களில் விலகியிருப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான். அந்தத் தாய்க்கு நான் எழுதிக் கொடுத்தது: வாரம் மூன்று மாலை, வீட்டுக்கு வெளியே.

"அவன் தனியாக இருப்பானே?"

"இரண்டு மணி நேரம்தானே அம்மா, இருப்பான்."

அடுத்த முறை மகன் புகாரோடு வந்தான். "அம்மா சாயங்காலம் வீட்டிலேயே இருப்பதில்லை." அவன் என்னிடம் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. குளித்துவிட்டு வந்திருந்தானா என்று கேட்காதீர்கள், இல்லை.