ஒலிவினை கலரை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க

பசால்ட்ங்கிற எரிமலைப் பாறையோட, ஒளி ஊடுருவுற அளவு மெல்லிசா தேய்ச்ச தின்செக்‌ஷனை மைக்ரோஸ்கோப் ஸ்டேஜ்ல வச்ச உடனே அனலைசரை (ரெண்டாவது போலரைசரை) உள்ள தள்ளிட்டு, பளிச்சுனு நீலமோ பச்சையோ தெரிஞ்சா "ஒலிவின்"ங்கிற கனிமம்னு எழுதிடுறாங்க. ஸ்லைடு பார்க்க வர்ற பசங்ககிட்ட நான் அதிகமா திருத்துறது இதைத்தான்.

தின்செக்‌ஷன் 30 மைக்ரான் இருக்கணும். அது 45 மைக்ரானா தடிச்சுப்போனா சாதாரண ஆகைட்டே (பைராக்சீன் வகைக் கனிமம்) மூணாவது ஆர்டர் கலரை (அனலைசரோட தெரியுற கலர் வரிசையோட மேல் சுற்றை) எட்டிப்பிடிச்சு ஒலிவின் மாதிரி நிக்கும். அதனால முதல்ல பக்கத்துல இருக்குற பிளாஜியோகிளேஸ்ங்கிற கனிமத்தைப் பாருங்க, அது சாம்பல் வெள்ளையா, மிஞ்சிப்போனா லேசான மஞ்சளா இருந்தா சரி, ஆரஞ்சு சிவப்புனு போச்சுன்னா அந்த ஸ்லைடுல கலரை நம்பவே வேணாம். ஒலிவினே கூட ஆப்டிக் ஆக்சிஸுக்கு (ஒளி ரெண்டா பிரியாம போற திசைக்கு) குறுக்கா வெட்டுப்பட்டா எவ்ளோ திருப்பினாலும் மங்கலாத்தான் இருக்கும், அதை விட்டுட்டுப் போயிடுவீங்க.

அனலைசரை வெளிய எடுத்துட்டு பொறுமையா பாருங்க. ஒலிவின் நிறமில்லாம, தூக்கலான ரிலீஃபோட, அதாவது விளிம்பு அழுத்தமா புடைச்ச மாதிரி நிக்கும், ஒழுங்கான க்ளீவேஜ் (நேர்கோட்டுப் பிளவு) இருக்காது, வளைஞ்சு வளைஞ்சு விரிசல்தான் ஓடும். ஆகைட்டுக்கும் ரிலீஃப் தூக்கல்தான், ஆனா அதுல கிட்டத்தட்ட 90 டிகிரில வெட்டிக்கிற ரெண்டு க்ளீவேஜ் இருக்கும், லேசா பழுப்போ பச்சையோ அடிக்கும், அனலைசரை மறுபடி உள்ள தள்ளி ஸ்டேஜைத் திருப்பினா எக்ஸ்டிங்ஷனும் (படிகம் இருட்டாகுறது) க்ளீவேஜுக்குச் சாய்வா வரும். ஒலிவின் நீளவாக்குல இருந்தா விளிம்புக்கு நேராவே இருட்டாகும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச அடையாளம் ஒலிவின் கெட்டுப்போற விதம்தான். விரிசல் வழியா தண்ணி புகுந்து விளிம்புல செம்பழுப்பா இடிங்சைட்ங்கிற மாற்றுக் கனிமக் கலவை பிடிக்கும், இல்ல பச்சையா செர்பென்டைன் ஓடும். அதே ஸ்லைடுல பைராக்சீன் பெரும்பாலும் ஃப்ரெஷ்ஷாவே இருக்கும், இந்த வித்தியாசம் கலரை விட நம்பகமானது. சில பாறைல ஒலிவின் ஒரு துளிகூட மிஞ்சாம, கூரான முனையோட ஆறு பக்க வடிவம் மட்டும் இடிங்சைட்டா நிக்கும், அதை வெறும் "இரும்பு கறை"னு தள்ளிடாதீங்க!

இன்னொரு விஷயம், குவார்ட்ஸ் இருந்தா ஒலிவின் இருக்கவே முடியாதுனு சொல்றது மெக்னீசியம் ஒலிவினுக்கு மட்டும்தான், இரும்பு மிகுந்த ஃபயலைட் ரையோலைட்ங்கிற எரிமலைப் பாறை சிலதுல குவார்ட்ஸோட சேர்ந்தே வரும்.

பாயின்ட் கவுன்ட் (ஸ்லைடைப் புள்ளி புள்ளியா நகர்த்தி எந்தக் கனிமம் எவ்ளோனு எண்ணுறது) பண்றப்போ அந்த மாறிப்போன படிகங்களையும் "ஒலிவின், இடிங்சைட்டா மாறினது"னு தனியா எண்ணி எழுதுங்க. அதை விட்டா ஒலிவின் பசால்ட் வெறும் பசால்ட்டா பேர் மாறிடும், கெமிக்கல் அனாலிசிஸுக்கு அனுப்புற ஆளுக்கும் இந்தப் பாறை ஃப்ரெஷ் இல்லைனு தெரியாமலே போயிடும்.