பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும்போது யாரை அழைக்கிறீர்கள்?

வீடுகளுக்குப் போய் வைஃபை, கணினி, பிரிண்டர் சரிசெய்து கொடுப்பது என் தொழில். அப்படிப் போன ஒரு வீட்டில் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெரியவர் ஒருவர். பேத்தியின் விண்ணப்பத்தை மறுநாளுக்குள் அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். முந்தைய நாள் வரை ஒழுங்காக ஓடிய பிரிண்டர் திடீரென்று ‘ஆஃப்லைன்’ என்று காட்டத் தொடங்கியிருக்கிறது. நான் போனபோது கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. அதில் ஒரு தொலைபேசி எண்.

“இது யார் நம்பர் ஐயா?”

“பிரிண்டர் கம்பெனிக்காரங்க நம்பர் தம்பி. தேடிப் பார்த்தேன், முதல்லயே வந்துச்சு. காலையில பேசினேன்.”

எனக்குப் பகீர் என்றது. என்ன நடந்தது என்று விவரமாகக் கேட்டேன். பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசியிருக்கிறார். ஒரு செயலியை இறக்கச் சொல்லி, அதில் தெரிந்த 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறார். உடனே மவுஸ் அம்பு தானாக நகரத் தொடங்கிவிட்டது. கறுப்புத் திரை ஒன்றில் எழுத்துகள் மளமளவென்று ஓடின. “பாருங்கள், வெளியாட்கள் உங்கள் நெட்வொர்க்கில் புகுந்திருக்கிறார்கள், அதனால்தான் பிரிண்டர் நின்றுவிட்டது” என்று சொல்லி, சரிசெய்யக் கட்டணம் கேட்டிருக்கிறார். கார்டை எடுக்கப் போன இடத்தில் பெரியவருக்குச் சந்தேகம் தட்டி, போனை வைத்துவிட்டார். ஆனால் அந்தச் செயலி திரையின் கீழ் மூலையில் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. நான் முதலில் பிரிண்டரைத் தொடவில்லை. கணினியின் வைஃபையைத் துண்டித்தேன்.

அந்தக் கறுப்புத் திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘நெட்ஸ்டாட்’ என்ற கட்டளையை எந்தக் கணினியில் கொடுத்தாலும் ‘ஃபாரின் அட்ரஸ்’ என்ற தலைப்பின் கீழே வரிசையாக எண்கள் வரும். நீங்கள் திறந்து வைத்திருக்கும் இணையதளங்களும் பின்னணியில் ஓடும் செயலிகளும் தொடர்புகொள்ளும் கணினிகளின் முகவரிகள்தான் பெரும்பாலும் அவை. அதைத்தான் ‘வெளியாட்கள்’ என்று காட்டுகிறார்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரியும் எச்சரிக்கைகளும் அப்படித்தான். நன்றாக ஓடும் கணினியிலும் அவை இருக்கும்.

சரி, பிரிண்டருக்கு உண்மையில் என்ன ஆயிற்று? அதன் பட்டனை அழுத்தி நெட்வொர்க் அறிக்கைத் தாளை எடுத்தேன். கிட்டத்தட்ட எல்லா வைஃபை பிரிண்டரிலும் இந்த வசதி உண்டு. எந்தப் பட்டன் என்பது கூட வரும் கையேட்டில் இருக்கும். அந்தத் தாளில் பிரிண்டரின் ஐபி முகவரி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதன் கதவு எண், 192.168.1.12 என்று இருந்தது. கணினியோ 192.168.1.7 என்ற முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இரவு மின்சாரம் போய் வந்ததில் ரூட்டர் பிரிண்டருக்குப் புதிய முகவரி கொடுத்துவிட்டது. கணினி அது தெரியாமல், ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

ரூட்டர் கொடுக்கும் முகவரி வாடகை வீடு மாதிரி, குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அதை நிரந்தரமாக்க ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்று ஒன்று இருக்கும். பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால், எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது மாறாது. ரூட்டர் பக்கத்துக்குப் போகும் வழியும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் ரூட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும். நான் போகும் வீடுகளில் இந்த ஒரு வேலையைச் செய்யாமல் கிளம்புவதில்லை.

அறிக்கைத் தாளில் முகவரி 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. ரூட்டரிடமிருந்து பிரிண்டருக்கு முகவரியே கிடைக்கவில்லை, அதுவாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது கணினியில் எதைத் தோண்டியும் பயனில்லை. பிரிண்டரை வைஃபையில் மறுபடி சேர்க்க வேண்டும்.

பெரியவரின் கணினியில் அதே பிரிண்டர் நான்கு பெயர்களில் இருந்தது. ஒவ்வொரு முறை வராதபோதும் புதிதாகச் சேர்த்திருக்கிறார். காத்திருப்பு வரிசையில் விண்ணப்பம் 14 தடவை நின்றது. இதில் அவருடைய தவறு எதுவும் இல்லை. ‘ஆஃப்லைன்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர அந்தத் திரை அவருக்கு வேறு எதுவும் சொல்லவில்லையே. எதனால் என்று சொல்லாத கருவியிடம் மாட்டிக்கொண்டால் யாராக இருந்தாலும் தேடத்தான் செய்வார்கள். மோசடிக்காரர்கள் காத்திருப்பது அந்த இடத்தில்தான்.

புதுப் பிரிண்டரைப் பெட்டியிலிருந்து எடுத்த நாளும் இப்படித்தான் ஆபத்தானது. கையேட்டில் ஓர் இணைய முகவரி அச்சிட்டிருக்கும். அதை முகவரிப் பட்டையில் அப்படியே தட்டாமல் தேடுபொறியில் போட்டுத் தேடினால், மேலே விளம்பரமாக வரும் போலிப் பக்கத்துக்குள் போய்விட வாய்ப்பு உண்டு. பிரிண்டர் கம்பெனியின் சின்னம் அச்சு அசலாக இருக்கும். மாடல் எண்ணைக் கேட்கும். ‘டிரைவர்’ (கணினி பிரிண்டரோடு பேச உதவும் மென்பொருள்) இறங்குகிறது என்று பச்சைக் கோடு நகரும். உண்மையில் எதுவும் இறங்காது, அந்தக் கோடு வெறும் படம். கடைசியில் ‘பிழை, உடனே இந்த எண்ணை அழைக்கவும்’ என்று வரும். பார்ப்பவருக்கு அதில் சந்தேகமே வராது, ஏனென்றால் பிரிண்டர் நிஜமாகவே இன்னும் சேரவில்லை.

அது சேராததற்குச் சாதாரணக் காரணங்கள் உண்டு. வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபையில் மட்டும்தான் சேரும். இன்றைய ரூட்டர்களில் பல 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் கொடுக்கின்றன. போன் 5-இல் நின்றுகொண்டு பிரிண்டரைச் சேர்க்கப் பார்க்கும்போது சில மாடல்கள் தடுமாறும். 5-ஐத் தற்காலிகமாக அணைத்துவிட்டு, பிரிண்டரைச் சேர்த்த பிறகு திரும்பப் போட்டால் போதும். 2.4-க்குச் சுவர் தாண்டிப் போகும் வலுவும் அதிகம், பிரிண்டருக்கு அது தாராளம்.

அப்புறம் போன். அமைக்கும் நேரத்தில் பிரிண்டர் தானே ஒரு தற்காலிக வைஃபையை ஒளிபரப்பும். போன் அதில் சேர்ந்து வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் பிரிண்டருக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தற்காலிக வைஃபையில் இணையம் கிடையாது. ‘இங்கே இணையம் இல்லை’ என்று போன் சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், அமைப்பு பாதியில் அறுந்துவிடும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். பிரிண்டரின் செயலி கேட்கும் அனுமதிகளும் முக்கியம். ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் மற்ற கருவிகளைத் தேட ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்க வேண்டும். எதற்கு வம்பு என்று மறுத்துவிட்டால் செயலியின் கண்ணுக்குப் பிரிண்டர் தெரியாது. ஆண்ட்ராய்டில் இருப்பிட அனுமதியோ அருகிலுள்ள கருவிகளுக்கான அனுமதியோ கேட்கும், அதற்கும் இதே கதைதான். எச்சரிக்கையான ஆட்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

ரூட்டரில் வைஃபை பாதுகாப்பு முறை புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பிரிண்டர்கள் சேராது. டபிள்யூபிஏ2-ம் டபிள்யூபிஏ3-ம் கலந்த முறையில் வையுங்கள். விருந்தினர் வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பொதுவாகத் தடுத்திருப்பார்கள், பிரிண்டரை அதில் சேர்க்காதீர்கள். அலுவலக லேப்டாப்பில் விபிஎன் (அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் பாதுகாப்பு வழி) ஓடினால் வீட்டுப் பிரிண்டர் மறைந்துவிடலாம்.

இன்னொன்று, பல நேரங்களில் தனியாக டிரைவர் எதையும் தேடி இறக்கவே வேண்டியதில்லை. டிரைவர் இல்லாமலே அச்சிடும் ஏர்பிரிண்ட் வசதி ஐபோனில் 2010-லேயே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு, விண்டோஸ் இரண்டும் மோப்ரியா என்ற பொது முறையில் பேசும் பிரிண்டர்களை நேராகவே கண்டுகொள்கின்றன. பிரிண்டர் வைஃபையில் ஏறிவிட்டால், விண்டோஸ் அமைப்புகளில் ‘பிரிண்டரைச் சேர்’ என்பதையே முதலில் முயன்று பாருங்கள். அப்படியும் டிரைவர் வேண்டுமென்றால் கையேட்டில் உள்ள முகவரியைக் கையால் தட்டிப் போங்கள். உதவி எண்ணையும் அங்கிருந்தே எடுங்கள். பேசுகிறவர் வைரஸ் என்றோ ஹேக்கர் என்றோ ஆரம்பித்தால் அந்த நொடியே போனை வைத்துவிடுங்கள். ‘ஆஃப்லைன்’ என்பதை வைத்து அப்படி ஒரு முடிவுக்கு யாராலும் வர முடியாது.

ஏற்கெனவே யாரையாவது உள்ளே விட்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், நேரம்தான் போகும். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். அவர்கள் இறக்கச் சொன்ன செயலியை நீக்குங்கள். மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அதே கணினியில் மாற்றுவது பூட்டைத் திருடன் கண்முன்னே மாற்றுவது போல. கார்டு எண்ணைச் சொல்லியிருந்தால், கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்து வங்கிக்குத் தெரிவியுங்கள். ‘பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்று அதே ஆட்கள் மறுபடி அழைக்கலாம். அதுவும் வலைதான்.

பெரியவர் வீட்டில் பிரிண்டரைச் சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. செயலியை நீக்கி, கணினியை முழுவதும் சோதித்து, அவருடைய போனிலிருந்து பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கத்தான் இரண்டு மணி நேரம் போயிற்று. காத்திருப்பு வரிசையைக் காலி செய்துவிட்டு விண்ணப்பத்தை ஒரே ஒரு தடவை அனுப்பினேன். வந்தது. அந்தத் துண்டுச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டேன். ஒரு ஸ்டிக்கரில் 192.168.1.12 என்றும், கையேட்டில் இருந்த உண்மையான உதவி எண்ணையும் எழுதிப் பிரிண்டரின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன்.