மாலை போடும் முன்: ஒரு வக்கீலின் வேண்டுகோள்

கொலை வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு வாதாடுவது என் தொழில். குற்றவாளி என்று தீர்ப்பு வந்த பிறகு, தண்டனை பற்றி நீதிபதி கேட்கும்போது, அவனுடைய வறுமை, வயதான அம்மா, பட்ட அவமானம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்வேன். சொல்லத்தான் வேண்டும், சட்டமே அதற்கு இடம் தருகிறது. ஆனால் அதே கதையை ஊரே கூடி, 'செய்தது சரிதான்' என்ற முடிவோடு சொல்ல ஆரம்பித்தால்?

2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் நாரா நகரில் பிரசாரம் செய்துகொண்டிருந்த முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயை, டெட்சுயா யமகாமி தானே செய்த துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். அவருடைய அம்மா யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்புக்குச் சுமார் 10 கோடி யென் கொடுத்ததில் குடும்பமே நொடித்துப்போயிருந்தது. அந்த அமைப்புக்கு வேண்டியவர் என்று அபேயைக் குறிவைத்தார். இது வெளியே தெரிந்ததும் சிறைக்குப் பணமும் பரிசுகளும் வர ஆரம்பித்தன. 2023 ஜூனில் நாரா நீதிமன்றத்துக்கு வந்த ஓர் அட்டைப்பெட்டி மெட்டல் டிடெக்டரில் சிக்க, அன்றைய விசாரணையே ரத்தானது. உள்ளே இருந்தது வெடிகுண்டு இல்லை. தண்டனையைக் குறைக்கச் சொல்லி 13,000 பேருக்கு மேல் போட்ட கையெழுத்து.

அந்தக் குடும்பம் பட்ட பாடு பொய்யில்லை. நன்கொடைக் கெடுபிடியைத் தடுக்க, கொலை நடந்த 2022 டிசம்பரிலேயே சட்டமும் வந்தது. 'அவர் சுட்டதால்தானே வந்தது?' என்கிறார்கள். இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்காக அங்கே வக்கீல்கள் 1987 முதலே ஒன்றுசேர்ந்து போராடி வந்தார்கள். அவர்களுக்குக் காது கொடுக்காத அரசின் மேல் கோபப்படுங்கள், நானும் படுகிறேன். அந்தக் கோபம் சுட்டவருக்குப் பாராட்டாக மாற வேண்டாம்.

ஏனென்றால் அதே நாடு இதை ஏற்கனவே பார்த்திருக்கிறது. 1932 மே 15 அன்று பிரதமர் இனுகாய் சுயோஷியின் வீட்டுக்குள் இளம் கடற்படை அதிகாரிகள் புகுந்தார்கள். 'பேசினால் புரியும்' என்றார் அவர். சுட்டுக் கொன்றார்கள். வழக்கு நடந்தபோது, தேசபக்தர்கள் என்று கொலையாளிகளுக்காக மக்கள் உருகினார்கள். ரத்தத்தில் கையெழுத்திட்ட மனுக்கள் குவிந்தன. சில இளைஞர்கள் தங்கள் சுண்டுவிரலையே வெட்டி அனுப்பினார்கள். ஒருவருக்கும் தூக்கு இல்லை. 1936 பிப்ரவரி 26 அன்று, இன்னொரு கூட்டம் இளம் அதிகாரிகள் சுமார் 1,500 படைவீரர்களோடு இறங்கினார்கள். 80 வயதைத் தாண்டிய நிதியமைச்சர் டகாஹாஷியை அவருடைய படுக்கையறையிலேயே கொன்றார்கள். முந்தைய கொலையாளிகளை ஊர் கொண்டாடியதை இவர்கள் பார்த்தவர்கள்.

சரி, நம்மூருக்கு வருகிறேன். அரசியல் பகையில் நடந்த ஒரு கொலை வழக்கில் என் கட்சிக்காரருக்கு ஜாமீன் கிடைத்த நாள். கோர்ட் வாசலுக்கு வெளியே மாலை, பட்டாசு, விசில். வராந்தாவில், டிபன் பாக்ஸ் வைத்த ஒயர்கூடையோடு இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் யார் தரப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து வந்து கேட்டார்: "உள்ள எங்க வீட்டுக்காரர் பேரை ஒரு தடவையாவது சொன்னாங்களா சார்?"

சொல்லவில்லை. நாங்கள் இரு தரப்புமே 'இறந்தவர்' என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் அந்த வழக்கு முடியும்வரை, நான் எழுந்து பேசிய ஒவ்வொரு தடவையும் அவர் பெயரைச் சொல்லித்தான் பேசினேன்.