தானியங்கு வீதப்பங்கீடு

எங்கள் காம்பவுண்டில் ஏழு வீடுகள், ஒரே இணைய இணைப்பு. வேகம் விநாடிக்கு 100 மெகாபிட். மாதத் தொகையை ஏழாகப் பிரித்துக் கட்டுகிறோம். இருப்பது பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், கடைவீதியில் தமிழும் மலையாளமும்.

இணைப்பு கொடுத்த கேபிள்காரர் முதலில் வீட்டுக்கு 14 மெகாபிட் என்று லிமிட் போட்டிருந்தார். நடுராத்திரியில் ஒரே ஒரு வீட்டில் ஆள் விழித்திருப்பார். அவருக்கும் அதே 14தான். மீதி யாருக்கும் ஆகாமல் கிடந்தது. போன மாதம் ரவுட்டரில் முறையை மாற்றினோம். இப்போது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து ஆளுக்குரிய அளவு தானாகக் கூடும், குறையும். இதை ‘டைனமிக் பேண்ட்வித் லிமிட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ் என்னவென்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அவருக்காக யோசித்ததுதான் இது.

பேண்ட்வித் என்பது வானொலிக்காரர்களின் சொல். பேண்ட் என்றால் அலைவெண்களின் (ஃப்ரீக்வென்சி) ஒரு பட்டை. வித் என்றால் அதன் அகலம். பழைய தொலைபேசிக் கம்பியில் குரல் 300 ஹெர்ட்ஸ் முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போகும். அந்தப் பட்டையின் அகலம் 3100 ஹெர்ட்ஸ். 1948இல் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன், ஒரு தடத்தில் விநாடிக்கு எத்தனை பிட் அனுப்பலாம் என்பதை அந்த அகலத்தோடும் இரைச்சலோடும் கணக்கில் இணைத்துக் காட்டினார். பட்டை அகன்றால் கூடுதல் பிட் போகும் என்பதால், காலப்போக்கில் பிட் போகும் அளவையே பேண்ட்வித் என்று சொல்லத் தொடங்கினார்கள். ரவுட்டரில் நாம் தொடுவது இந்த இரண்டாவது பொருளைத்தான். அங்கே ஹெர்ட்ஸ் கிடையாது.

கலைச்சொல் பட்டியல்களில் ‘பட்டையகலம்’, ‘கற்றையகலம்’ என்று இருக்கிறது. வானொலிப் பாடத்துக்கு இரண்டும் சரி. ரவுட்டருக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. அலைக்கற்றை என்றதும் நம் மக்களுக்கு ஏலம் விடுகிற அலைக்கற்றைதான் நினைவுக்கு வரும். விநாடிக்கு இத்தனை பிட் என்பது ஒரு வீதம். ‘தரவு வீதம்’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அந்த வீதமே போதும்.

அடுத்தது லிமிட். வரம்பு என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் இந்தச் சொல்லை எங்கள் ஊரில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழில் வயலுக்கு வரப்பு, அளவுக்கு வரம்பு என்று இரண்டாகப் பிரித்துவிட்டோம். மலையாளத்தில் வயல் வரப்புக்கு இன்றும் ‘வரம்பு’தான் பெயர். பழந்தமிழிலும் வரம்பு என்றால் வயலின் கரைதான். எல்லை, அளவு என்ற பொருள்களும் அதற்கு உண்டு. வரப்பு மண்ணால் ஆனது. தண்ணீர் கட்டுகிறவர் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி மடை திறப்பார். வயல் நிறைந்ததும் அதே மண்ணை இழுத்து அடைத்து, அடுத்த வயலுக்குத் திருப்புவார். ஆக, வரம்பு என்றாலே அசையாதது என்று எண்ண வேண்டியதில்லை.

ரவுட்டர் செய்வதும் ஏறக்குறைய அதுதான். இணையத்தில் தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாக (பாக்கெட்) வரும். நம் வீட்டுக்கு வரும் பொட்டலங்கள் ரவுட்டரில் வரிசை கட்டி நிற்கும். எல்லாருக்கும் ஒரே வரிசை என்றால், பெரிய படத்தை இறக்குகிறவருடைய பொட்டலங்கள் வரிசையை அடைத்துக்கொள்ளும்; பரீட்சை எழுதும் பிள்ளையின் சின்னப் பொட்டலம் கடைசியில் நிற்கும். 1985இல் ஜான் நேகல் என்ற கணினிப் பொறியாளர் சொன்ன வழி எளிமையானது: ஒவ்வொருவருக்கும் தனி வரிசை, வரிசைக்கு ஒன்றாக முறை வைத்து அனுப்பு. ஒரு வரிசையில் ஒன்றும் இல்லையென்றால் காத்திருக்காமல் அடுத்ததற்குப் போ. அதற்கு அடுத்த ஆண்டே, 1986 அக்டோபரில், அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே விநாடிக்கு 32 ஆயிரம் பிட் போன வழி, நெரிசலால் வெறும் 40 பிட்டுக்குச் சுருங்கியது. பகிர்ந்து கொள்வதற்கு ஒரு முறை இல்லையென்றால் வழி இருந்தும் பயனில்லை.

எங்கள் ரவுட்டரில் மொத்தத்தை 95 என்று வைத்திருக்கிறோம். முழு 100 என்று வைத்தால் வரிசை நம் ரவுட்டரில் நிற்காமல் கேபிள்காரரின் கருவியில் போய் நிற்கும். அங்கே பங்கிட நம்மால் முடியாது. இப்போது கணக்கு இப்படி: ஒரு வீட்டில் பாடம் பார்க்க 5 மெகாபிட் போதும், வேறு இரண்டு வீட்டில் எவ்வளவு கிடைத்தாலும் வேண்டும். முதல் வீட்டுக்கு அதன் 5, மற்ற இரண்டுக்கும் 45, 45. நான்காவது வீடும் இறக்கத் தொடங்கினால் அந்த மூன்றுக்கும் 30, 30, 30. பாடம் பார்க்கிற பிள்ளையின் 5இல் யாரும் கை வைக்க முடியாது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்று தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதைப்போல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறைந்தபட்ச அளவையும் உறுதி செய்யலாம்.

ஃபைபர் இணைப்பில் இதே வேலை இன்னொரு இடத்திலும் நடக்கிறது. ஜிபான் (GPON) என்கிற ஃபைபர் வகையில் ஒரே இழையைப் பல வீடுகள் பகிர்கின்றன. வீடுகளிலிருந்து மேலே போகும் தரவு மோதிக்கொள்ளாமல் இருக்க, நிலையத்திலுள்ள கருவி ஒவ்வொரு வீட்டுக்கும் நேரத்துண்டு ஒதுக்கும். யாரிடம் அனுப்ப அதிகம் இருக்கிறதோ அவருக்கு நீளமான துண்டு. அங்கே இதன் பெயரே ‘டைனமிக் பேண்ட்வித் அலோகேஷன்’.

த்ராட்லிங் வேறு. சிலர் இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறார்கள். த்ராட்டில் என்பது ஆங்கிலத்தில் தொண்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, குரல்வளையை நெரிப்பது. டேட்டா தீர்ந்த பிறகு வழி காலியாக இருந்தாலும் வேகத்தை இறக்குகிறார்களே, அது நெரிப்பு. அதைப் பங்கீடு என்று எழுதக் கூடாது.

இப்போது வீதத்துக்குத் திரும்புகிறேன். தமிழில் வீதம் என்றால் விகிதம், ‘ஆளுக்குப் பத்து ரூபாய் வீதம்’ என்பதில் வருவது. மலையாளத்தில் வீதம் என்றால் பங்கு. சொத்துப் பிரிப்பதை ‘வீதம் வைக்குக’ என்பார்கள். விநாடிக்கு இவ்வளவு என்ற அளவும், ஆளுக்கு இவ்வளவு என்ற பங்கும் ஒரே சொல்லில் எல்லைக்கு இருபுறமும் கிடைக்கின்றன. அதனால் நான் எழுதுவது: தானியங்கு வீதப்பங்கீடு. ஒருவருக்கு அந்த நேரத்தில் கிடைக்கும் உச்ச அளவைச் சொல்ல, வீதவரம்பு.

ரவுட்டருக்கு மேலே ஒரு தாளில் இதை எழுதி ஒட்டினேன். மூன்றாம் வீட்டுச் சேச்சிக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டால் புரியும். வாசித்துக் காட்டினேன். “ஓரோருத்தர்க்கும் எத்ர வீதம்?” என்றார். ஏழு வீடும் ஒரே நேரத்தில் இழுத்தால் பதின்மூன்றரை, நீங்கள் மட்டும் இருந்தால் 95 முழுதும் என்றேன்.