மண்ணுக்கும் வில்லங்கம் உண்டு

மனை வாங்கப்போகிறவர்கள் 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார்கள். பட்டா, மூலப்பத்திரம் எல்லாம் வக்கீல் கைக்குப் போகின்றன. ஆனால் அந்த 30 ஆண்டும் அந்த மண்ணில் என்ன நடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. தோல் பதனிடும் தொழில் நிறைந்த ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் நீர், மண் பரிசோதனை செய்கிறவனாக இது எனக்குப் பெரிய கவலை.

ஒருவர் டிசம்பரில் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 900 மில்லிகிராம் சொச்சம். நிலத்தை வாங்கி அஸ்திவாரமும் போட்டுவிட்டு மே மாதம் மறுபடி வந்தார். அதே போர்வெல்லில் 3,400. முதலில் பார்த்தது மழைநீர் கலந்து நீர்த்த தண்ணீர், அதுவும் தரகர் பிடித்துக் கொடுத்தது. குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

தோல் பதனிடும் தொழில் என்றதும் எல்லோரும் பதனிடப் பயன்படும் குரோமியத்தைத்தான் கேட்கிறார்கள். இங்கே நான் அதிகம் பார்ப்பது உப்பு. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு வரும். அதை ஊறவைத்துக் கழுவிய தண்ணீர் பல ஆண்டுகள் நிலத்தில் இறங்கியிருக்கிறது. ஆர்ஓ மெஷின் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். குடிக்கச் சரி. கட்டடத்துக்கு? கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில், உப்பிலிருந்து வரும் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கம்பி உள்ளேயே துருப்பிடிக்கும்.

குடிநீரில் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். குரோமியத்தால் தண்ணீர் மஞ்சளாகத் தெரிந்தால் அது வரம்பைப் பல மடங்கு தாண்டியது என்று பொருள். தெளிவாக இருப்பதால் நல்ல தண்ணீர் என்று நம்பிவிடவும் முடியாது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது இந்தப் பாலாற்றுப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கிலும்தான். ஆனால் தொழிலை மூடிவிட்டுப் போனவரை எங்கே தேடுவது? நிலத்தை வாங்கியவர் தலையில்தான் பெரும்பாலும் விழுகிறது.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும். வாய்மொழிக் குத்தகைக்கு ஓடிய தோல் ஷெட் அதில் வராது. பழைய மின் இணைப்பு தொழிற்சாலைக் கட்டணத்தில் இருந்ததா என்று பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைத் திறந்தால் கழிவுநீரைக் காயவைத்த சதுரத் தொட்டிகள் சில இடங்களில் தெரியும். அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். போர்த் தண்ணீரில் பருப்பு வேகிறதா, சமையலுக்கு கேன் தண்ணீரா என்று அவர்கள் சொல்வது என் அறிக்கையோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

தண்ணீரை நீங்களே பிடியுங்கள். மோட்டாரை 20 நிமிடமாவது ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவிவிட்டு நிரப்புங்கள். கோடையில் ஒருமுறை பார்ப்பது அவசியம். மண்ணுக்கு மூன்று நான்கு அடிக் குழி தோண்டிப் பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்புக் கசடோ, குரோமியத்தில் பதனிட்டதால் நீலம் பாய்ந்த தோல் சீவலோ கிடைத்தால் மேலே கொட்டிய செம்மண்ணை நம்பாதீர்கள்.

இதெல்லாம் முடிவதற்குள் அட்வான்ஸ் கேட்பார்கள். கொடுப்பதானால், நீர், மண் பரிசோதனை முடிவு சரியில்லையென்றால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். தயங்காமல் எழுதிக்கொடுத்த விற்பனையாளர்களையும் பார்த்திருக்கிறேன்.