கொட்டாவி விடும் நாய் என்ன சொல்கிறது?

பென்னாகரம் பக்கம் மாடு கன்றோடு வளர்ந்தவர்களுக்கு, ஒரு பசுவைத் தடவிக்கொண்டு நின்றால் மனசு லேசாகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த லேசான உணர்வு, விலங்குகளைத் துணையாக வைத்துச் செய்யும் மனநலச் சிகிச்சைக்குள் எப்படி வேலை செய்கிறது என்பது அறிவியலுக்குக் கொஞ்சம் புரிந்திருக்கிறது.

அமெரிக்கக் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன் தான் கவனித்த ஒன்றை 1960களில் எழுதினார். யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவன், அறையில் இருந்த அவருடைய நாயோடு விளையாடத் தொடங்கினான். நாய் வழியாக அவரிடமும் மெல்ல நெருங்கினான். நாய் கேள்வி கேட்காது, குறை சொல்லாது. அதன் அருகில் மனம் தற்காப்பைத் தளர்த்துகிறது, அப்புறம் ஆலோசகரின் பேச்சு உள்ளே போகிறது.

உடலும் இதற்கு ஒத்துழைக்கிறது. 2019இல் வெளியான வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், நாய் பூனைகளைப் பத்து நிமிடம் தொட்டுப் பழகிய மாணவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. பிறர் தடவுவதை வெறுமனே பார்த்தவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை. 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது இருவர் உடலிலும் பாசப் பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடியதைக் கண்டார்கள். பழகிய உறவில் கிடைத்த பலன் இது. முன்பின் தெரியாத நாயை உற்றுப் பார்த்தால் அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளும்.

விலங்குக்கும் அழுத்தம் உண்டு என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தூக்கம் வராத நேரத்தில் நாய் கொட்டாவி விடுவது, உணவு இல்லாமலே உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை ஒடுக்குவது, எல்லாமே "போதும்" என்ற பேச்சு. அதை மதிக்காமல் பிடித்து உட்கார வைத்தால் அடுத்தது உறுமல், அதற்கும் அடுத்தது கடி. அதோடு, பதறும் நாய் யாருடைய பதற்றத்தையும் குறைக்காது. விலங்கின் நலனைப் பார்ப்பது சிகிச்சைக்கு மேல் செய்யும் தர்மம் என்று நான் நினைக்கவில்லை. சிகிச்சை வேலை செய்வதற்கே அது வேண்டும். அதனால் அமர்வு குறுகியதாக இருக்க வேண்டும். நாய் எழுந்து போக வழியும், பார்த்துக்கொள்ள அதன் பழக்குநரும் வேண்டும்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு நாயைவிட மாடும் ஆடும் பொருந்தும் என்பது என் எண்ணம். நார்வேயில் மனநோய் உள்ள 90 பேரை வைத்து நடந்து, 2008இல் வெளியான ஆய்வில், ஒரு பகுதியினர் பன்னிரண்டு வாரம் பண்ணையில் கால்நடைகளோடு வேலை செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை அவர்களுக்கு வளர்ந்திருந்தது. பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, தனியே இருக்கும் ஒரு பெரியவருக்குத் தீவனம் வைக்கவும் தொழுவம் கூட்டவும் ஒரு வேலை இருப்பது சின்ன விஷயம் இல்லை. மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும் கழுத்துப் பகுதியில் நாம் தடவினால், பிடித்திருந்தால் கழுத்தை நீட்டிக் காதைத் தொங்கவிடும். விலகினால் விட்டுவிட வேண்டும்.

தளி, ஜவளகிரி காட்டு விலங்குகளை, குட்டியாகவே இருந்தாலும், இதற்குக் கொண்டுவரக் கூடாது. சர்வதேச வழிகாட்டுதல்களும் வீட்டு விலங்குகளை மட்டுமே ஏற்கின்றன. தெருநாயை அன்று பிடித்து அன்றே அழைத்து வருவதும் ஆகாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கால்நடை மருத்துவரின் பரிசோதனை எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

நோயாளியிடமும் சம்மதம் கேட்க வேண்டும். சின்ன வயதில் நாய்க்கடி பட்டவருக்குச் சிகிச்சைக்கு வரும் நாயே பயத்தைக் கிளறும். ஒவ்வாமை உள்ளவர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் விஷயத்தில் முடிவு மருத்துவருடையது. மனநலப் பிரிவில் எழுதித் தந்த மாத்திரையை, கன்றுக்குட்டி வந்துவிட்டது என்று யாரும் நிறுத்தக் கூடாது. விலங்கு துணைச் சிகிச்சைதான். அந்தக் கன்றோ நாயோ முதுமையடைந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் யார் பார்த்துக்கொள்வது என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.