ரீஃப்ளோவுக்குத் தமிழ்ல என்ன சொல்லு? மறுபாய்வா, மறுவொழுங்கா

போன வாரம் மாமா பையன் வீட்டுக்கு வந்திருந்தான், சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வெச்சிருக்கான். என் வேலை பிரவுசர் இன்ஜின்ல, அதாவது வெப் பக்கத்த திரைல வரையற மென்பொருள்ல. அதுல ஒரு பக் (பிழை) கூட மல்லுக்கட்டிட்டு உக்காந்திருந்தேன். என்ன மச்சான் மூஞ்சி இப்டி இருக்குன்னு கேட்டான், ரீஃப்ளோ ஆக வேண்டிய எடத்துல ஆகவே மாட்டேங்குதுடான்னேன். உடனே அவன், ஹாட் ஏர் எத்தன டிகிரி வெச்சேன்னு கேக்கறான். அவன் தொழில்ல ரீஃப்ளோன்னா போர்டுல இருக்கற ஈயத்த சூடு காட்டி உருக்கி திரும்ப புடிக்க வெக்கறது. என் தொழில்ல அந்தச் சொல்லுக்கு சூட்டோட சம்பந்தமே கெடையாது. இதுக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல்லு வேணும்னு ரொம்ப நாளா மனசுல ஓடிட்டே இருந்துச்சு, அன்னிக்கு ராத்திரி உக்காந்து எழுத ஆரம்பிச்சேன்.

மொதல்ல பொருள். ஒரு வெப் பக்கத்த தொறக்கறீங்க, பிரவுசர் அந்தப் பக்கத்தோட மூலமான எச்டிஎம்எல்ல படிச்சு மரம் மாதிரி கட்டும், எதுக்கு என்ன எழுத்து, என்ன கலர், எவ்ளோ இடைவெளின்னு ஸ்டைல் எல்லாம் ஒட்டும், அதுக்கப்புறம் ஒவ்வொரு பெட்டியும் எத்தன பிக்சல் அகலம், எத்தன உயரம், எங்க ஆரம்பிக்குதுன்னு கணக்குப் போடும். கடைசியாத்தான் வரையும். அந்த கணக்கு வேலைய மறுபடியும் போட வேண்டி வந்தா அதுதான் ரீஃப்ளோ. ஜன்னல இழுத்து சின்னதாக்கினா வரும், படம் லேட்டா வந்து சேந்தா வரும், ஸ்கிரிப்ட் நடுவுல ஒரு வரிய செருகினா வரும். வெறும் கலர் மட்டும் மாறினா கணக்கு மாறாது, திரும்ப வரைஞ்சா போதும், அது ரீபெயின்ட், அதுக்கு மறுதீட்டல்னு சொல்லிக்கலாம், அதுல சிக்கல் ஒண்ணும் இல்ல.

ஃபயர்ஃபாக்ஸோட இன்ஜின் கெக்கோவுலதான் ரீஃப்ளோங்கற பேரு ரொம்ப ஊறிப்போனது, கோடுலயே அந்த ஃபங்ஷனுக்கு ரீஃப்ளோன்னுதான் பேரு. சஃபாரியோட வெப்கிட்லயும், அதுல இருந்து 2013ல பிரிஞ்சு போன குரோமோட பிளிங்க்லயும் இதே வேலைக்கு லேஅவுட்டுன்னு பேரு. 'ஃப்ளோ' எங்கருந்து வந்துச்சுன்னா, பக்கம் எப்டி தெரியணும்னு சொல்ற, 1998 மே மாசம் வந்த சிஎஸ்எஸ் 2 விதிகள்ல நார்மல் ஃப்ளோன்னு ஒண்ணு இருக்கு. பத்திங்க ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வரணும், எழுத்துங்க ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா வந்து எடம் முடிஞ்சா அடுத்த வரிக்கு எறங்கணும். அவ்ளோதான் விஷயம். அதே 1998 மார்ச்சுலதான் அந்தக் கால பிரவுசர் கம்பெனியான நெட்ஸ்கேப் தன்னோட சோர்ஸ் கோட வெளிய விட்டாங்க. அவங்களோட பழைய நெட்ஸ்கேப் 4ல ஜன்னல இழுத்தாலே ஸ்டைல் எல்லாம் கலைஞ்சு போயிரும், திரும்ப ரீலோட் பண்ணாத்தான் சரியாகும். அதுக்குப் பதிலா புதுசா எழுதின கெக்கோ வந்தப்புறம் எது மாறுச்சோ அத மட்டும் திரும்ப கணக்குப் போட ஆரம்பிச்சாங்க. இந்த 'எது மாறுச்சோ அத மட்டும்'ங்கறதுலதான் எங்க வேலைல பாதி வலி இருக்கு.

இத எனக்கு மொதல்ல புரிய வெச்சது கம்ப்யூட்டரே இல்ல, எங்க பெரியப்பா. செவ்வாய்ப்பேட்டைல ஒரு பிரஸ்ஸுல கம்பாசிட்டரா, அதாவது அச்சுக்கோக்கறவரா இருந்தாரு. சின்ன வயசுல சாப்பாடு கொண்டு போவேன். ஈய எழுத்து ஒவ்வொண்ணா கேஸ்ல இருந்து எடுத்து இடது கைல இருக்கற ஸ்டிக்ல கோப்பாரு, கண்ணு கையெழுத்துத் தாள்ல இருக்கும், கை தானா போகும். 'கொ' வேணும்னா ஒத்தக்கொம்பு ஒரு குழில, 'க' ஒரு குழில, கால் இன்னொரு குழில, மூணு தடவ கை போயி வரும். புரூஃப்ல யாராச்சும் நடுவுல ஒரே ஒரு சொல்ல சேத்து எழுதிட்டா அவர் மூஞ்சி மாறும், ஏன்னா அந்த வரில எடம் இருக்காது, கடைசி சொல்ல எடுத்து அடுத்த வரிக்குத் தள்ளணும், அந்த வரி நெறைஞ்சா அதுல இருந்து ஒண்ண அடுத்ததுக்கு, இப்டியே பத்தி முடியற வரைக்கும் போகும். பத்தியோட கடைசி வரில காலி எடம் இருந்தா அங்கயே நின்னுரும், மூச்சு விடுவாரு. இல்லன்னா ஒரு வரி கூடிரும், பக்கமே கீழ தள்ளும், அடுத்த பக்கத்தையும் தொடணும். எந்த எடத்துல இது நிக்கும்னு தெரிஞ்சவர்தான் நல்ல கம்பாசிட்டர்.

இன்ஜினும் அதேதாங்க பண்ணுது. ஒரு பெட்டி மாறுச்சுன்னா அதுக்கு 'அழுக்கு'ன்னு ஒரு குறி போடும், அதச் சுத்தி இருக்கற அப்பன் தாத்தன் பெட்டி வரைக்கும் 'உள்ள ஒண்ணு மாறியிருக்கு'ன்னு குறி போடும், அப்புறம் குறி இருக்கற கிளைல மட்டும் எறங்கி கணக்குப் போடும். குறி கம்மியா போட்டா படம் தப்பா நிக்கும், அதிகமா போட்டா பக்கம் சரியா இருக்கும் ஆனா ஊரும்.

எனக்கு வந்த பக் கம்மியா போட்ட வகை. ஒரு பட்டன், உள்ள 'கொள்முதல்'னு எழுதியிருக்கு. மொதல்ல போன்ல இருக்கற எழுத்துரு, அரை செகண்டு கழிச்சு நெட்டுல இருந்து எறங்கற எழுத்துரு, அதாவது வெப் ஃபான்ட் வந்து சேரும், அது கொஞ்சம் அகலம். சொல்லு அகலமாச்சு, பட்டன் மட்டும் பழைய அகலத்துலயே நின்னுச்சு, கடைசி 'ல்' பாதி வெட்டுப்பட்டு தெரியுது. ஜன்னல ஒரு பிக்சல் இழுத்தா போதும், டப்புனு சரியாயிரும். 'இழுத்தா சரியாகுது'ன்னு யாராச்சும் சொன்னாலே குறி எங்கயோ விட்டுப்போச்சுன்னு அர்த்தம். நாலு நாள் தேடினேன். கடைசில பார்த்தா, அந்தப் பெட்டியோட உள்ளடக்க அகலத்த மொத தடவ கணக்குப் போட்டு பத்திரமா வெச்சிருக்கு, ஃபான்ட் மாறினப்போ எழுத்துக்கு குறி போட்ட கோடு, அந்த பத்திரப்படுத்தின அகலத்த அழிக்க மறந்துருச்சு. சரி பண்ணது ஒரே ஒரு வரி. அதுக்கு முன்னாடி அவசரத்துல எல்லா பெட்டிக்கும் குறி போட்டுப் பார்த்தேன், பக் போச்சு, ஆனா ஸ்க்ரோல் திக்கித் திக்கி வந்துச்சு. நொடிக்கு 60 தடவ படம் மாத்தற 60 ஹெர்ட்ஸ் திரைல ஒரு படத்துக்கு, அதாவது ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்டுதான் கைல இருக்கு, அதுக்குள்ள ஸ்கிரிப்ட், கணக்கு, வரையறது எல்லாம் முடியணும். தமிழுக்கு இது இன்னும் இறுக்கம், ஏன்னா எழுத்து எழுத்தா அகலத்த கூட்டிட முடியாது. 'க'வுக்கு அப்புறம் 'ஒ'வோட உயிர்க்குறி வந்தா கொம்பு முன்னாடி போகும் கால் பின்னாடி போகும், ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு லைப்ரரி சேத்துப் பார்த்து உருவம் குடுத்தப்புறம்தான் அகலமே தெரியும்.

இன்னொரு கொடுமை வெப் எழுதறவங்க பக்கம் இருந்து வரும். 300 வரிசை இருக்கற ஒரு பட்டியல்ல லூப் போட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் அதோட உயரத்த சொல்ற ஆஃப்செட்ஹைட் கேட்டுட்டு உடனே உயரத்த மாத்துவாங்க. உயரம் என்னன்னு கேட்டா இன்ஜின் சரியான பதில் சொல்லியாகணும், அதுக்கு அந்த நொடியே கணக்கு முடிக்கணும், நீங்க மாத்தின உடனே அது கெட்டுப்போகுது, அடுத்த வரிசைக்கு திரும்ப. 300 தடவ. எல்லா உயரத்தையும் மொதல்ல கேட்டு வெச்சுக்கிட்டு அப்புறமா மொத்தமா மாத்தினா ஒரே தடவ. தயவுசெஞ்சு இத மட்டுமாவது பண்ணுங்க. இன்ஜினுக்குள்ளயும் இதே கத உண்டு, உள்ள இருக்கறத எடத்துக்குத் தக்கபடி நீட்டிச் சுருக்கற ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள்ள ஃப்ளெக்ஸ் பெட்டின்னு போட்டு ஒவ்வொரு மட்டத்துலயும் ரெண்டு தடவ கணக்குன்னா, பத்து மட்டத்துக்கு அடிமட்டப் பெட்டிக்கு 1024 தடவ. குரோம்ல 2019ல 77ஆம் வெர்ஷன்ல இருந்து படிப்படியா கொண்டு வந்த புது லேஅவுட் கோடான லேஅவுட்என்ஜி, ஒரு தடவ போட்ட கணக்க ஒழுங்கா சேத்து வெச்சு இதத்தான் அடக்குச்சு.

இப்ப சொல்லுக்கு வருவோம். ரீ-ன்னா மறு, ஃப்ளோன்னா பாய்வு, அதனால மறுபாய்வுன்னு போடலாம், ஆனா எனக்கு ஒப்பல. பாய்வுன்னா தண்ணி வேகமா போறது, வாய்க்கா பாயறது, மாடு பாயறது. வரிசையும் இல்ல எடமும் இல்ல அதுல. பெரியப்பா தொழில்ல இருந்து எடுக்கலாம்னு பார்த்தேன், அச்சுக்கோப்பு, அதுல இருந்து மறுகோப்பு. ஆசையா இருந்துச்சு, ஆனா கம்ப்யூட்டர்ல கோப்புன்னா ஃபைல்னு ஏற்கனவே ஊன்றிப் போச்சு, கேக்கறவங்க ஃபைல திரும்ப சேமிக்கறதுன்னு நெனப்பாங்க. மறுஅடுக்குன்னா லேயரோட மோதும்.

அப்பதான் ஒழுகுன்னு ஒரு வேர் ஞாபகம் வந்துச்சு. இன்னிக்கு நமக்கு ஒழுகுதுன்னா ஓட்டு வீடு ஒழுகுது, மூக்கு ஒழுகுது. ஆனா பழைய தமிழ்ல அது தண்ணி போறதுக்கும் சொல்லு, ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசையா போறதுக்கும் சொல்லு. புறநானூறு 116ல உப்பு வண்டிங்க வரிசையா போறதுக்கு ஒழுகைன்னு வருது. 173ல முட்டைய தூக்கிட்டு மேட்டு நெலத்துக்குப் போற எறும்பு வரிசைக்கு 'சில்லொழுக்கு'ன்னு வருது. கோரிமேட்டுல எங்க வீட்டுச் சுவத்துல, ஏற்காடு மலைமேல மேகம் கருத்தா இதே ஊர்வலம் கெளம்பும். நடுவுல ஒரு விரல வெச்சுப் பாருங்க, முன்னாடி போனது போயிட்டே இருக்கும், பின்னாடி வர்றதுதான் ஒதுங்கி வளைஞ்சு திரும்ப வரிசை கட்டும். நார்மல் ஃப்ளோவுக்கு இதவிட சரியான படம் எனக்குத் தெரியல. அதே வேர்ல வந்ததுதான் ஒழுக்கம், ஒழுங்கு. ஓட்டமும் வரிசையும் ஒரே வேர்ல இருக்கு, நாமதான் போயி பாய்வுல தேடிட்டிருக்கோம்.

மறுவொழுக்குன்னு வெச்சா திரும்ப ஒழுகுதுங்கற மாதிரி காதுல விழும், அதனால என் தேர்வு மறுவொழுங்கு. பேச்சுலயும் ஒட்டுது, 'ஃபான்ட் வந்ததும் பக்கம் மறுவொழுங்காகுது'ன்னா யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. உயரம் கேட்டு கட்டாயப்படுத்தி நடக்கறது கட்டாய மறுவொழுங்கு. நார்மல் ஃப்ளோவுக்கு இயல்பொழுங்கு. படிச்சுட்டிருக்கும்போது வரி திடீர்னு கீழ குதிக்குதே, கூகுள் அத ஒரு எண்ணா அளந்து 0.1க்குள்ள இருந்தா நல்லதுங்கறாங்க, லேஅவுட் ஷிஃப்ட்டுங்கற அதுக்கு ஒழுங்குப் பெயர்ச்சி. சேத்து எழுதினா மறுவொழுங்கு, பிரிச்சு மறுஒழுங்குன்னு டைப் பண்ணாலும் படிக்கறவங்களுக்குப் புரியும், நான் சேத்தே எழுதறேன்.

மாமா பையன்கிட்டயும் கேட்டேன், உன் ஹாட் ஏர் வேலைக்கு என்னடா பேருன்னு. உருக்கிப் புடிக்கறதுன்னான். அதுக்கு மறுவுருக்குன்னு வெச்சுக்கலாம்.